"ஒண்ணும் வேண்டாம்மா" என்கிற பிள்ளைக்கு என்ன வாங்குவது?

கேள்வி: எனக்கு ஒரு மகள், ஒரு மகன். மகளுக்கு 21 வயது, கல்லூரியில் கடைசி வருடம். வெளியூரில் மூன்று தோழிகளோடு வீடெடுத்துத் தங்கியிருக்கிறாள். மகனுக்கு 18. இந்த வருடம்தான் கல்லூரியில் சேர்ந்து விடுதிக்குப் போனான். விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போது ஆளுக்கொரு பரிசு கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். சின்ன வயதில் ஒரு மாதம் முன்பே அது வேண்டும், இது வேண்டும் என்று நச்சரிப்பார்கள். இப்போது கேட்டால் மகள், "ஒண்ணும் வேண்டாம்மா" என்கிறாள். போன வருடம் அவளுக்கு நல்ல தோல் கைப்பை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். "சூப்பரா இருக்கும்மா" என்று கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவள் கிளம்பிப் போன பிறகு அலமாரியைத் திறந்தால், விலைச்சீட்டுகூடப் பிரிக்காமல் பை அங்கேயே இருக்கிறது. மனசு விட்டுப்போய்விட்டது. மகனோ இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு ஹெட்போனின் லிங்கை அனுப்பி, "இதுதான் வேணும்" என்று முடித்துவிட்டான். வழக்கமாக நாங்கள் செலவழிப்பதைப்போல மூன்று மடங்கு விலை. இன்னும் பதில் சொல்லவில்லை. அவன் ராத்திரி இரண்டு மணிவரை விழித்திருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். அதனால் தூக்கம், இருக்கும் இடம் எல்லாம் காட்டுகிற ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்துவிடலாமா என்றும் யோசிக்கிறேன். என் கணவர், "ரெண்டு பேர் கையிலயும் பணத்தைக் கொடுத்துட்டு வேலையைப் பாரு" என்கிறார். சம்பளம் கொடுக்கிற மாதிரி இருக்காதா? நான் என்னதான் செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தக் கைப்பை விஷயத்தை முடித்துவிடுவோம். கடிதம் முழுக்க அந்த வலிதான் தெரிகிறது. உங்கள் மகள் நடிக்கவில்லை. பை அவளுக்குப் பிடித்துத்தான் இருந்திருக்கும். ஆனால் காலையில் கிளம்பும்போது அவள் எதையெல்லாம் தூக்கிக்கொண்டு போகிறாள் என்று யோசித்துப் பாருங்கள். லேப்டாப், சார்ஜர், தண்ணீர் பாட்டில், குடை, நாலு நோட்டு. நாள் முழுக்க முதுகில் ஏற்றி இறக்குகிற சுமை. மெல்லிய வார் வைத்த தோல் பைக்குள் இதில் பாதிகூட நுழையாது. வகுப்பறைத் தரையில் அதைப் போட மனசும் வராது. நல்ல பொருள்தான், அவளுடைய நாளில் அதற்கு வேலை இல்லை. அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

ஜெஃப் கேலக், ஜூலியன் கிவி, எலனோர் வில்லியம்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2016-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பரிசு கொடுப்பவர் மனசில் ஓடுவது அதைப் பிரிக்கிற அந்த ஒரு நிமிடம். வாங்குபவர் பார்ப்பது அதற்குப் பிறகு வருகிற மாதங்களை. பரிசுகள் தவறிப்போவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் என்பது அவர்கள் வாதம். உங்களுக்கு அந்த நிமிடம் கிடைத்துவிட்டது, கட்டிப்பிடித்துக்கொண்டாளே! மாதங்கள்தான் கிடைக்கவில்லை.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்த்தவரும் உண்டு. ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற பொருளாதார அறிஞர் 1993-ல் வெளியிட்ட ஆய்வில், தங்களுக்கு வந்த பரிசுகளைப் பற்றி அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் கேட்டார். கொடுத்தவர் எவ்வளவு செலவழித்திருப்பார்? அதே பொருளுக்கு நீயாக இருந்தால் எவ்வளவு கொடுப்பாய்? இரண்டு விடைகளுக்கும் நடுவே, விலையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை காணாமல் போயிருந்தது. பாசத்துக்கான மதிப்பை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பரிசு என்பதே வீண்செலவு என்று யாராவது கிளம்பிவிடுவார்கள். இந்தப் பத்தி மட்டும் உங்கள் கணவர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி மாணவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. விடுமுறை முடிந்து திரும்பி வருகிறவர்களிடம், பேச்சைத் தொடங்குவதற்காக, "வீட்டுல என்ன கொடுத்தாங்க?" என்று கேட்பேன். வருகிற பதில்களில் சிரிப்பும் உண்டு, அழுகையும் உண்டு. அவற்றைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. பெற்றோர் பெரும்பாலும் பரிசு வாங்குவது, வீட்டை விட்டுப் போன பிள்ளைக்கு. திரும்பி வருகிற பிள்ளை வேறு ஆள். ஆறு மாதத்தில் அந்தப் பிள்ளை எதைக் கற்றுக்கொண்டது, எதை விட்டது, எது இல்லாமல் திண்டாடுகிறது என்பது உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. அது உங்கள் குற்றமும் இல்லை, அந்த வாழ்க்கையை நீங்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்டால் "ஒண்ணும் வேண்டாம்மா" என்று பதில் வருகிறது.

கொஞ்சம் அந்தப் பதிலில் நிற்போம். 21 வயதுப் பெண் இப்படிச் சொன்னால் அதற்குள் பல அர்த்தங்கள் இருக்கலாம். வீட்டின் பணநிலைமை அவளுக்கு இப்போது புரிகிறது. உங்களுக்குச் செலவு வைக்க மனமில்லை. சின்னச் சின்ன ஆசைகளை அவளே கைக்காசில் தீர்த்துக்கொள்கிறாள். மிச்சம் இருப்பது ஒன்று கேட்க முடியாத அளவு பெரியது, அல்லது கேட்க வெட்கப்படும் அளவு சின்னது. இன்னொன்றும் உண்டு. 18 முதல் 25 வரையிலான வயதைத் தனிப் பருவமாகவே பார்க்க வேண்டும் என்று ஜெஃப்ரி ஆர்னெட் என்ற உளவியலாளர் 2000-ல் எழுதினார். நீ பெரிய ஆளாகிவிட்டாயா என்று இந்த வயதுக்காரர்களைக் கேட்டால், பலர் "சில விஷயத்தில் ஆமாம், சில விஷயத்தில் இல்லை" என்கிறார்கள். "உனக்கு என்ன வேணும் கண்ணு?" என்ற கேள்வி அவளை ஒரே தள்ளில் பத்து வயதுக்கு அனுப்பிவிடுகிறது. அங்கே போக விருப்பமில்லாமல்தான் "ஒண்ணும் வேண்டாம்" வருகிறது.

கேள்வியை மாற்றுங்கள். ஆசையைக் கேட்காதீர்கள், எரிச்சலைக் கேளுங்கள். "உன் ரூம்ல தினமும் கடுப்பேத்துற பொருள் எது?" "ஃப்ரெண்ட்ஸ்கிட்ட அடிக்கடி எதைக் கடன் வாங்குற?" "எது தேஞ்சுபோயும் இன்னும் ஓட்டிக்கிட்டு இருக்க?" குறை சொல்லச் சொன்னால் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும். என்னிடம் வந்த ஒரு மாணவியின் அப்பா இப்படித்தான் போனில் ஏதோ பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறார். அறைத்தோழி பத்து மணிக்குத் தூங்கிவிடுவதால் பெரிய விளக்கைப் போட முடியாமல், இந்தப் பெண் வராந்தாவில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவர் கட்டில் கம்பியில் கவ்விப் பிடிக்கிற சின்ன விளக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தார். அந்த வருடம் நான் கேட்ட பரிசுகளிலேயே மலிவானது அதுதான். படிப்பு முடிகிறவரை அது அவள் கட்டிலோடு இருந்தது.

கேட்டு வாங்கினால் ஆச்சரியம் போய்விடுமே என்று நினைப்பீர்கள். பிரான்செஸ்கா ஜீனோவும் ஃபிரான்சிஸ் ஃபிளினும் 2011-ல் வெளியிட்ட ஆய்வில் கிடைத்தது இதற்கு நேர்மாறு. கேட்டதை வாங்கிக் கொடுத்தவரைத்தான் தன்னை நினைத்துப் பார்த்தவர் என்று பெறுபவர்கள் கருதினார்கள். தானாக யோசித்து வாங்கினால்தான் மதிப்பு என்ற நினைப்பு கொடுப்பவர் பக்கத்தில் மட்டும்தான் இருந்தது. ஆகவே உங்கள் மகன் லிங்க் அனுப்பியதை அதிகப்பிரசங்கித்தனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருவகையில் அவன் உங்கள் வேலையைச் சுலபமாக்கியிருக்கிறான்.

மகள் இவ்வளவு கேட்டும் பிடிகொடுக்கவில்லை என்றால், அவள் வந்து இறங்கும்போது கண்ணைத் திறந்து வைத்திருங்கள். அறையைக் குடைய வேண்டாம். வாசலில் கழற்றிப் போட்ட செருப்பின் அடிப்பாகம், டேப் சுற்றிய சார்ஜர் வயர், ஜிப் போன பை, இவையே பேசும்.

விடுதியில் இருப்பவனுக்கு எதை வாங்கினாலும், மூன்று விஷயங்களைப் பார்த்துவிட்டுத்தான் நான் சரி சொல்வேன். விடுதியில் அனுமதி உண்டா, பாதி அலமாரிக்குள் அடங்குமா, வருடக் கடைசியில் அறையைக் காலி செய்யும்போது ஒரே ஆளாகத் தூக்கிக்கொண்டு வர முடியுமா. சூடாக்கும் கம்பி உள்ள கெட்டில், ஹீட்டர் போன்றவற்றை மின்சுமைக்கும் தீ விபத்துக்கும் பயந்து பல விடுதிகளில் விடுவதில்லை. விதிமுறையைப் படிக்காமல் வாங்கினால் முதல் வாரமே வார்டன் அறைக்குப் போய்விடும். அலங்காரப் பொருள், பெரிய பொம்மை, சுவர்க் கடிகாரம் எல்லாம் இடத்தை அடைப்பதோடு சரி. மெத்தை விரிப்பு, தலையணை போன்றவை நல்ல யோசனை. வாங்கும் முன் கட்டிலின் நீள அகலத்தை அவனையே அளந்து சொல்லச் சொல்லுங்கள்.

நான் பார்த்தவரையில் விடுதிப் பிள்ளைகள் உண்மையிலேயே தேய்த்துத் தீர்க்கிற பொருள்கள் கவர்ச்சியானவை அல்ல. நீளமான சார்ஜிங் வயர். நல்ல தரமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். காதில் அடைத்துக்கொள்ளும் ஸ்பாஞ்ச் அடைப்பான் ஒரு பெட்டி. பொதுக் குளியலறைக்கு வழுக்காத செருப்பு. லேப்டாப்பில் இருக்கிற புராஜெக்ட், அசைன்மென்ட் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வைத்துக்கொள்ள சின்ன எஸ்.எஸ்.டி., அதாவது தனியாக இணைத்துக்கொள்ளும் சேமிப்புக் கருவி. இந்தக் கடைசிப் பொருளை யாரும் கேட்டு வாங்குவதில்லை. செமஸ்டர் முடிவில் லேப்டாப் உயிரை விடும்போதுதான் அருமை தெரியும். அப்படி உயிரை விட்ட லேப்டாப்போடு என் அறைக்கு வந்து அழுதவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

பவர் பேங்க் வாங்குவதாக இருந்தால் ஒரு விவரம். விமானத்தில் போய்வருகிற பிள்ளை என்றால் அதன்மேல் எழுதியிருக்கும் வாட்-மணி (Wh) அளவைப் பாருங்கள். 100 வாட்-மணி வரை பொதுவாகத் தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோகலாம்; அதுவும் கைப்பையில் மட்டும், சரக்கில் போடும் பெட்டியில் வைக்கக் கூடாது. 20,000 எம்.ஏ.எச். (mAh) என்று போட்டிருந்தால் அது ஏறக்குறைய 74 வாட்-மணி. அதுவே தாராளம். அதைவிடப் பெரிதாக வாங்கிக் கொடுத்துச் சோதனை வரிசையில் பிள்ளையை நிறுத்தாதீர்கள்.

மகள் கதை வேறு. கடைசி வருடம், இன்னும் சில மாதத்தில் வேலை, மேற்படிப்பு, வேறு ஊர் என்று ஏதோ ஒன்று. நேர்முகத் தேர்வுக்குப் போட்டுக்கொண்டு போக நல்ல ஷூ, சக்கரம் சரியாக ஓடுகிற பெட்டி, ஏதாவது தேர்வுக்கோ சான்றிதழ் படிப்புக்கோ கட்ட வேண்டிய கட்டணம், இந்தத் திசையில் யோசியுங்கள். உடை, ஷூ எதுவானாலும் அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டு நீங்கள் பில்லைக் கட்டுங்கள். நாலு பேர் குடியிருக்கிற வீட்டுக்குப் பொதுவாக எதையும் வாங்கிக் கொடுக்க வேண்டாம். வீட்டைக் காலி செய்கிற அன்று அது யாருக்கு என்று பஞ்சாயத்து வரும்.

இப்போது அந்த வாட்ச். வேண்டாம். இதில் மட்டும் நான் கறாராகவே சொல்கிறேன்.

உங்கள் கவலை நியாயமானது. அந்த வயதுக்கு ஏழிலிருந்து ஒன்பது மணி நேரத் தூக்கம் வேண்டும். கூடவே இதையும் தெரிந்துகொள்ளுங்கள். வளரிளம் பருவம் முழுக்க உடலின் கடிகாரம் பின்னால் பின்னால் தள்ளிக்கொண்டே போய், 20 வயது வாக்கில்தான் அந்தத் தாமதம் உச்சத்தைத் தொடும். இரண்டு மணிவரை விழித்திருப்பவன் எல்லாம் கெட்டுப்போகிறான் என்று அர்த்தமில்லை. எட்டு மணி வகுப்புக்கு எழுந்திருக்க முடிகிறதா, பகலில் தூங்கி விழுகிறானா, மனசு சரியாக இருக்கிறதா என்று அவனிடமே கேளுங்கள். பேச வேண்டியதைப் பேச்சாகப் பேசுங்கள், பரிசுக்குள் மடித்து வைத்து அனுப்பாதீர்கள். அவன் இருக்கும் இடத்தை உங்கள் போனுக்குக் காட்டுகிற பொருளுக்கு அவன் வைக்கிற பெயர் பரிசு என்று இருக்காது. விடுதிக்குப் போனதும் அதைக் கழற்றி நண்பன் கையில் கட்டிவிட்டு ஊர்சுற்றப் போகிற பிள்ளைகளையும் நான் பார்த்திருக்கிறேன்! அவனே உடற்பயிற்சிக்காகக் கேட்டால் தாராளமாக வாங்கிக் கொடுங்கள். அப்போதும் அதை உங்கள் போனோடு இணைக்காதீர்கள்.

உள்ளுக்குள் ஒரு திருத்தத்தை வைத்துக் கொடுக்கிற எல்லாப் பரிசுக்கும் இதே கதிதான். குண்டாக இருக்கிறாள் என்று எடை பார்க்கும் கருவி, வேறு துறைக்கு மாறட்டும் என்று போட்டித் தேர்வு கைடு, நேரத்துக்கு வேலை செய்யட்டும் என்று டைரி. எடைக் கருவி பரிசாகக் கிடைத்த பெண் என்னிடம் சொன்னாள்: "ஜிகினாத் தாள் சுத்திக் கொடுத்தாலும் குறை குறைதானே மேடம்?" அவளுக்கு நான் பதில் எதுவும் சொல்லவில்லை.

உங்கள் கணவர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. பணம் கொடுப்பது பாசமில்லாத காரியம் என்று பெற்றோருக்குத்தான் தோன்றுகிறது. என்னிடம் வருகிற பிள்ளைகளில் ஒருவர்கூடப் பணம் கொடுத்ததைக் குறையாகச் சொன்னதில்லை. சம்பளம் போலத் தெரிவது பணத்தினால் அல்ல, அதைக் கொடுக்கிற விதத்தினால். மாதா மாதம் அனுப்புகிற கணக்கிலேயே போட்டுவிட்டால் அது செலவோடு செலவாகக் கரைந்துவிடும். தனியாக, கையில், நாலு வரி எழுதிய காகிதத்தோடு கொடுங்கள். உங்கள் மகள் புது ஊரில் வீடு பார்க்கும்போது முன்பணம் கட்ட வேண்டியிருக்கும் என்றால், அதற்கான தொகையைவிடப் பெரிய உதவி எதுவும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் கொடுத்த பிறகு "என்ன பண்ணின?" என்று கேட்டால் அது சம்பளம்கூட இல்லை, கடன். கிஃப்ட் வவுச்சர் எனக்குப் பிடிக்காது. ஒரே கடை, கடைசித் தேதி, செலவாகாமல் தங்கிவிடுகிற மிச்சத் தொகை என்று பணத்தின் சுதந்திரமும் இல்லை, பொருளின் நெருக்கமும் இல்லை.

அனுபவமாகக் கொடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள்: ஒரு பயணம், ஒரு கச்சேரி டிக்கெட், நீச்சல் வகுப்பு. நல்லதுதான். சிண்டி சானும் கேசி மொகில்னரும் 2017-ல் வெளியிட்ட ஆய்வுப்படி, கொடுத்தவர் கூடவே போகாவிட்டாலும் இத்தகைய பரிசுகள் பொருளைவிட உறவை நெருக்கமாக்குகின்றன. தேதியை மட்டும் நீங்கள் முடிவு செய்யாதீர்கள். அவர்களுக்கும் தேர்வு, நண்பர்கள் எல்லாம் உண்டு.

கடைசியாக ஹெட்போன். மூன்று மடங்கு கொடுத்தால் மூன்று மடங்கு சந்தோஷம் வரும் என்று நினைக்க வேண்டாம். விலை கூடினால் நன்றியும் கூடும் என்பது கொடுப்பவர்களின் நம்பிக்கை மட்டுமே, பெறுபவர்களிடம் அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை என்று ஃபிளினும் கேப்ரியல் ஆடம்ஸும் 2009-லேயே காட்டியிருக்கிறார்கள். அதே சமயம், விலை குறைவாக "பார்க்க அதே மாதிரி" ஒன்றை வாங்கி வைத்துவிடாதீர்கள். மாடல் எண்ணோடு கேட்டவனுக்கு அதே மாதிரி என்பது வேறு பொருள்.

எதற்காக வேண்டும் என்று கேளுங்கள். அறையில் பேச்சுச் சத்தம் தாங்கவில்லை, படிக்க முடியவில்லை என்றால், சத்தத்தைக் குறைக்கும் வசதியுள்ள விலையுயர்ந்த ஹெட்போன்கூட முழுசாக உதவாது. ஃபேன், என்ஜின் போன்ற சீரான தாழ்ந்த இரைச்சலைத்தான் அது நன்றாக அடக்கும்; மனிதக் குரலை அந்த அளவுக்கு அடக்காது. பேச்சுச் சத்தத்துக்கு, முன்னால் சொன்ன ஸ்பாஞ்ச் அடைப்பானே அதோடு போட்டி போடும். விளையாட்டுக்கோ பாட்டுக்கோ என்றால் அது அவன் ஆசை, அதில் தப்பில்லை. உங்கள் வழக்கமான தொகையைச் சொல்லி, "இவ்வளவு எங்க பங்கு, மீதியை நீ சேர்த்துக்கோ, அல்லது உன் பிறந்தநாள் பரிசையும் இதோட சேர்த்துக்கலாம்" என்று அவன் முடிவுக்கு விடுங்கள். சொந்தக் காசு கலந்த பொருளை அவன் கீழே போட மாட்டான். ஒலி அளவைப் பற்றி ஒரே ஒரு தடவை சொல்லலாம். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் பாதுகாப்பானது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சத்தம் கூடக் கூட நேரம் வேகமாகக் குறைந்துவிடும். ஒரு தடவைக்கு மேல் சொன்னால் அதுவும் ஜிகினாத் தாள் கதையாகிவிடும்.

இரண்டு பேருக்கும் ஒரே தொகை என்று வைத்துக்கொள்ளுங்கள், அதை இருவருக்கும் தெரியச் சொல்லிவிடுங்கள். பொருள் வேறாக இருக்கலாம். வளர்ந்த பிள்ளைகள் கணக்குப் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள், அவ்வளவே.

பரிசை அவர்கள் கிளம்புகிற அன்று கொடுக்காமல் வந்த அன்றே கொடுங்கள், பில்லோடு. அளவு சரியில்லை, வேறு நிறம் வேண்டும் என்றால் வீட்டில் இருக்கும்போதே மாற்றிக்கொள்ள முடியும். அப்புறம் அதை மறந்துவிடுங்கள். "அதை யூஸ் பண்றியா?" என்று போனில் கேட்பது உங்களுக்கு அன்பு, அவர்களுக்குத் தணிக்கை. போன வருடத்துக் கைப்பையைப் பற்றியும் பேச்செடுக்க வேண்டாம். வேலைக்குச் சேர்ந்தால் அவளே எடுத்துக்கொள்வாள். பொறுக்க முடியவில்லை என்றால் விலைச்சீட்டைக் கிழித்துவிட்டு நீங்கள் மாட்டிக்கொண்டு போங்கள். உங்களுக்குப் பிடித்துத்தானே வாங்கினீர்கள்?

மகன் லிங்க் அனுப்பி இரண்டு வாரமாகிறது என்கிறீர்கள். அவன் தினமும் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பான். தொகையைச் சொல்லி இன்று ராத்திரியே ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள். எப்படியும் இரண்டு மணிவரை விழித்துத்தானே இருப்பான்.